11 கண்ணாடி... மிஞ்சுவது 2% ஒளி! மொபைல் சிப்புக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்ரே கணக்கு தெரியுமா?

வீட்டில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறோமா? தேவையே இல்லை. முகம் தெரிந்தால் போதும்.

ஆனால் உலகத்தில் சில கண்ணாடிகள் இருக்கின்றன. அவை 70 சதவீதம் பிரதிபலிக்கின்றனவா, 69 சதவீதம் பிரதிபலிக்கின்றனவா என்பதைக் கண்டுபிடிக்க, ஊருக்கு வெளியே ஒரு பெரிய வட்டக் கட்டடம் கட்டி, அதற்குள் எலெக்ட்ரான்களை ஒளி வேகத்துக்கு நெருக்கமாக ஓடவிட்டு அளக்கிறார்கள். அந்த ஒரு சதவீதத்தில் கோடிக்கணக்கான பணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் வந்த உயர் ரக மொபைல் உங்கள் கையில் இருந்தால், அதன் சிப்பும் அந்த ஒரு சதவீதத்துக்குக் கடன்பட்டதுதான்.

அந்தக் கண்ணாடிகளுக்குப் பெயர் பல்லடுக்குக் கண்ணாடிகள். அவற்றுக்கு எப்படி 'மார்க்' போடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துடலாம்

இன்றைய அதிநவீன சிப்களை அச்சிடப் பயன்படும் ஒளியின் அலைநீளம் 13.5 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் அளவில் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது 40 மடங்கு சிறியது. மிகச் சிறிய கோடுகளை வரைய மிகச் சிறிய அலை வேண்டும், அதனால்தான் இது.

இந்த ஒளிக்கு 'தீவிர புற ஊதா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக இயூவி. உண்மையில் இது எக்ஸ்ரேயின் பக்கத்து வீட்டுக்காரர். ஆரம்பத்தில் இந்த அச்சு முறைக்கே 'மென் எக்ஸ்ரே லித்தோகிராபி' என்றுதான் பெயர் இருந்தது.

இந்த ஒளியை உருவாக்குவதே ஒரு பெரும்பாடு. நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளைச் சொட்டவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்து ஆவியாக்கினால் அதிலிருந்து வருவதுதான் இந்த 13.5 நானோமீட்டர் ஒளி. அப்படிப் பாடுபட்டு உருவாக்கிய ஒளி சிலிக்கான் தட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வேண்டும். சிப்பின் வரைபடம் பொறித்த 'மாஸ்க்' கூட இங்கே ஒரு கண்ணாடிதான்.

கணக்குக்கு 11 கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 70 சதவீதம் திருப்பி அனுப்புகிறது. முதல் கண்ணாடிக்குப் பிறகு மிஞ்சுவது 70. இரண்டாவதுக்குப் பிறகு 49. மூன்றாவதுக்குப் பிறகு 34. ஐந்தாவதுக்குப் பிறகு 17. பதினொன்றாவதுக்குப் பிறகு வெறும் 2.

அதாவது 100 ரூபாய் சம்பளம் போட்டால் கைக்கு வருவது 2 ரூபாய்!

இப்போது ஒவ்வொரு கண்ணாடியும் 70-க்குப் பதில் 69 சதவீதம் மட்டும் பிரதிபலித்தால்? 'ஒரு பர்சன்ட்தானே' என்று தோன்றும். ஆனால் 11 முறை பெருக்கிப் பாருங்கள். கடைசியில் தட்டில் விழும் ஒளி கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைந்துவிடும். ஒளி குறைந்தால் ஒவ்வொரு தட்டையும் கூடுதல் நேரம் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் அச்சாகும் தட்டுகளின் எண்ணிக்கை குறையும். இந்த இயந்திரங்களில் ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கும் மேல். நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே ஒரு நிறுவனம்தான் இதைத் தயாரிக்கிறது. அந்த இயந்திரம் சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு.

அதனால்தான் 70-ஆ, 69-ஆ என்ற கேள்வி இவ்வளவு முக்கியம்.

சாதாரணக் கண்ணாடி போதாதா?

போதாது. எக்ஸ்ரேக்கு எந்தப் பொருளும் கிட்டத்தட்டக் காற்று மாதிரிதான். கண்ணாடி, வெள்ளி, தங்கம் என எதைக் காட்டினாலும் பெரும்பகுதி உள்ளே புகுந்துவிடும். ஒன்று ஊடுருவிப் போகும், அல்லது உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். திரும்பி வராது.

எவ்வளவு குறைவாகத் திரும்பும் தெரியுமா? ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் 0.154 நானோமீட்டர் எக்ஸ்ரேயை வழவழப்பான சிலிக்கான் பரப்பின் மீது நேர் செங்குத்தாக அடித்தால், பரப்பிலிருந்து ஒரு லட்சம் கோடிக்கு 10, 15 ஒளித்துகள்கள் திரும்பினால் அதிகம்.

ஆனால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. 1923-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் ஒன்றைக் காட்டினார். எக்ஸ்ரேயைப் பரப்பின் மீது நேராக அடிக்காமல், குளத்தில் சில்லுக் கல் விடுவதுபோல் ஏறத்தாழப் படுக்கையாக அனுப்பினால் அது முழுதாகத் திரும்பிவிடும். குளத்தில் எறிந்த ஓடு தத்தித் தத்திப் போகுமே, அதே மாதிரி. ஆனால் கோணம் மிக மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சிலிக்கானுக்கு இந்த எல்லை வெறும் 0.22 டிகிரி. அதைத் தாண்டினால் பிரதிபலிப்பு மளமளவெனச் சரிந்துவிடும்.

சிப் அச்சிடும் இயந்திரத்தில் படத்தைச் சுருக்கிக் கூர்மையாகக் காட்டும் கண்ணாடிகளுக்கு இப்படிப் படுக்கையாக அடிப்பது சரிவராது. ஒளி கிட்டத்தட்ட நேராக விழ வேண்டும். லென்ஸ் போடலாமா என்றால், 13.5 நானோமீட்டர் ஒளியைக் கண்ணாடி மட்டுமல்ல, காற்றுகூட விழுங்கிவிடும். ஆக லென்ஸும் கிடையாது. முழு இயந்திரமும் வெற்றிடத்தில்தான் இயங்க வேண்டும்.

தேர் இழுக்கிற மாதிரி ஒரு தந்திரம்

இங்கேதான் பல்லடுக்கு வருகிறது.

மாலிப்டினம் என்ற உலோகத்தை 2.8 நானோமீட்டர் தடிமனுக்குப் பூசுகிறார்கள். அதன் மேல் சிலிக்கானை 4.1 நானோமீட்டர். மறுபடி மாலிப்டினம், மறுபடி சிலிக்கான். இப்படி 40, 50 ஜோடிகள். ஒரு ஜோடியின் தடிமன் சுமார் 6.9 நானோமீட்டர். எல்லாம் சேர்த்தாலும் ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். உங்கள் தலைமுடியின் தடிமனில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டு பொருள்கள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்பும். மாலிப்டினம், சிலிக்கான் எல்லையில் 13.5 நானோமீட்டர் ஒளி திரும்புவது 0.15 சதவீதம் அளவுக்குத்தான். 'இதை 80 எல்லைகளுக்குக் கூட்டினாலும் 12 சதவீதம்தானே வருது, 70 எப்படி வரும்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

விடை: இங்கே கூட்ட வேண்டியது ஒளியின் அளவை அல்ல, அலையின் வீச்சை. கோயில் தேரின் வடத்தை நூறு பேர் பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலில், ஒரே நொடியில் இழுத்தால் தேர் நகரும். அதேபோல் ஒவ்வோர் எல்லையிலிருந்தும் திரும்பும் அலைகளின் முகடுகள் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் வீச்சு கூடிக்கொண்டே போகும். வீச்சு இரண்டு மடங்கானால் ஒளியின் அளவு நான்கு மடங்காகும். அதுதான் 0.15-ஐ 70-க்கு அருகே கொண்டுபோகும் ரகசியம்.

முகடுகள் பொருந்த வேண்டும் என்றால், ஒரு ஜோடியின் தடிமன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்க வேண்டும். 13.5-இல் பாதி 6.75. ஒளி பொருளுக்குள் போகும்போது ஏற்படும் சின்ன மாற்றத்தையும் சேர்த்தால் 6.9. ப்ளஸ் டூ இயற்பியலில் படித்த பிராக் விதி ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இது.

சரி, அடுக்கை இன்னும் கூட்டினால் 100 சதவீதம் வந்துவிடுமா? வராது. மாலிப்டினமும் சிலிக்கானும் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகின்றன. 50 ஜோடிக்குக் கீழே ஒளி போய்ச் சேருவதே இல்லை. கணக்குப்படி அதிகபட்சம் 75 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நிஜத்தில் எட்டியிருப்பது 70 அளவுக்கு.

அந்த மீதி 5 எங்கே போகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் அளவீடு.

மாயமாய் மறைந்த முதல் கண்ணாடி

இந்த யோசனை புதிதல்ல. 1935-ல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஜெஸ்ஸி டூமாண்ட், யூட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்கத்தையும் செம்பையும் மாற்றி மாற்றிப் பூசி ஒரு பல்லடுக்கை உருவாக்கினார்கள். எக்ஸ்ரே பிரதிபலித்தது. மகிழ்ச்சி.

ஆனால் நாளாக நாளாக அந்தப் பிரதிபலிப்பு மங்கிக்கொண்டே போனது. காரணம்: தங்க அணுக்களும் செம்பு அணுக்களும் எல்லை தாண்டி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பாலும் டிகாஷனும் கலந்த பிறகு எது எங்கே என்று யார் சொல்ல முடியும்? அடுக்கே இல்லாதபோது கண்ணாடி ஏது?

அவர்கள் இதைத் தோல்வி என்று மூடி வைக்கவில்லை. பிரதிபலிப்பு மங்கும் வேகத்தை அளந்தால், அணுக்கள் எவ்வளவு வேகமாகக் கலக்கின்றன என்பதைக் கணக்கிடலாமே என்று யோசித்தார்கள். 1940-ல் அதையே ஒரு அளவீட்டு முறையாக வெளியிட்டார்கள். கண்ணாடியாகத் தோற்றது அளவுகோலாக ஜெயித்தது. பல்லடுக்கைப் பொறுத்தவரை பிரதிபலிப்பை அளப்பது என்பது உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் என்பதை இந்த முதல் முயற்சியே காட்டிவிட்டது.

1972-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எபர்ஹார்ட் ஸ்பில்லர், ஒளியை உறிஞ்சும் பொருள்களைக்கொண்டே நல்ல கண்ணாடி செய்ய முடியும் என்று காட்டினார். 1985-ல் ட்ராய் பார்பியின் குழு மாலிப்டினம், சிலிக்கான் ஜோடியை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டே ஜப்பானின் ஹிரூ கினோஷிடா இத்தகைய ஒளியில் ஒரு படத்தை அச்சிட்டுக் காட்டினார். அப்போது பலரும் நம்பவில்லை.

எப்படி அளக்கிறார்கள்? முறை 1: ஆய்வுக்கூட எக்ஸ்ரே

கருவியின் அமைப்பு எளிமையானது. ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய். நடுவில் மாதிரி. மறுபக்கம் டிடெக்டர். மாதிரியை ஒரு கோணம் சாய்த்தால், டிடெக்டர் அதைப் போல் இரு மடங்கு நகர வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் எத்தனை ஒளித்துகள் திரும்புகிறது என்று எண்ணுகிறார்கள். நேரடிக் கற்றையில் எத்தனை இருந்தன என்பதால் வகுத்தால் கிடைப்பது பிரதிபலிப்புத் திறன்.

இவ்வளவுதானா? கேட்க எளிது, செய்யும்போதுதான் சிக்கல் தெரியும்.

முதல் சிக்கல், கற்றை பரவுவது. மாலையில் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் வெளிச்சம் நீளமாகப் பரவுமில்லையா? 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள எக்ஸ்ரே கற்றை 0.2 டிகிரி கோணத்தில் விழும்போது 28 மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டுவிடும். உங்கள் மாதிரி 20 மில்லிமீட்டர் நீளம்தான் என்றால், மீதி வெளியே கொட்டிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நல்ல கண்ணாடிக்குக்கூட மோசமான மார்க் விழும்.

இரண்டாவது சிக்கல், எண்ணிக்கை. சிறிய கோணத்தில் திரும்பும் ஒளி வெள்ளம் மாதிரி இருக்கும், டிடெக்டர் திணறிவிடும். அதனால் முன்னால் மெல்லிய உலோகத் தகடு வைத்துக் குறைப்பார்கள். பெரிய கோணத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் வரும். அங்கே தகட்டை எடுத்துவிட்டு நீண்ட நேரம் காத்திருந்து எண்ணுவார்கள். இரண்டையும் பிசிறில்லாமல் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, மாதிரியை நேராக வைப்பது. இங்கே நாம் பேசுவது நூறில் ஒரு பங்கு டிகிரிகளை. மாதிரி கொஞ்சம் சாய்ந்தாலும், உயரம் கொஞ்சம் மாறினாலும் கோணம் பொய்யாகிவிடும்.

வரைபடம் என்ன கதை சொல்லும்?

எல்லாம் சரியாகச் செய்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். அதைப் படிப்பது ஈ.சி.ஜி. படிப்பது மாதிரி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பொருள் உண்டு.

* தொடக்கத்தில் ஒரு சமதளம். காம்ப்டன் சொன்ன முழுப் பிரதிபலிப்புப் பகுதி. அது எங்கே முடிகிறது என்பது மேற்பரப்புப் பொருளின் அடர்த்தியைச் சொல்லும்.

* அதன் பிறகு சரிவு. பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சரிவு இருக்கும். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் வேகமாகச் சரியும்.

* சரிவின் மேல் சின்னச் சின்ன அலைகள். மொத்தப் பூச்சின் மேல்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் அலைகள் சேர்ந்தும் விலகியும் உருவாக்குபவை. 1931-ல் ஜெர்மனியின் ஹைன்ஸ் கீஸிக், கண்ணாடி மேல் பூசிய நிக்கல் படலத்தில் இதைக் கவனித்தார். அதனால் இவற்றுக்குக் கீஸிக் அலைகள் என்றே பெயர். அலைகள் நெருக்கமாக இருந்தால் படலம் தடிமன் என்று பொருள். விலகி இருந்தால் மெல்லியது.

* நடுநடுவே உயர்ந்து நிற்கும் சிகரங்கள். இவைதான் பல்லடுக்கின் கையெழுத்து. தேர் வடம் எல்லாரும் ஒன்றாக இழுக்கும் கோணங்கள். 7 நானோமீட்டர் ஜோடித் தடிமன் இருந்தால், 0.154 நானோமீட்டர் எக்ஸ்ரேக்கு முதல் சிகரம் 0.63 டிகிரியை ஒட்டி வரும். சிகரத்தின் இடத்தைப் பார்த்து ஜோடியின் தடிமனைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு சுவாரசியம். இரண்டு சிகரங்களுக்கு நடுவே எத்தனை சின்ன அலைகள் என்று எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டினால் எத்தனை ஜோடி அடுக்குகள் என்று தெரிந்துவிடும். 8 அலைகள் இருந்தால் 10 ஜோடி. வெட்டிப் பார்க்கத் தேவையில்லை, கீறிப் பார்க்கத் தேவையில்லை.

முறை 2: நிஜ ஒளியிலேயே சோதனை

ஆய்வுக்கூட எக்ஸ்ரே கண்ணாடியின் உடல்வாகைச் சொல்லும். ஆனால் 13.5 நானோமீட்டர் ஒளிக்கு அது எத்தனை சதவீதம் திருப்பும் என்பதை நேரடியாகச் சொல்லாது. அதற்கு அதே ஒளியில்தான் சோதிக்க வேண்டும். நெட் பிராக்டிஸ் பார்த்து ஆளை எடுக்கலாம், ஆனால் ரன்னை மைதானத்தில்தான் அடிக்க வேண்டும்.

அலைநீளத்தைத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய, நிலையான ஒளி சின்க்ரோட்ரான் கூடங்களில் கிடைக்கிறது. எலெக்ட்ரான்கள் வளையத்தில் திரும்பும்போது வெளிப்படும் ஒளி அது. ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி., பெர்லினில் பெஸ்ஸி-2 வளையத்தை ஒட்டி இதற்கென்றே கூடம் வைத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ள கண்ணாடியையும் தூக்கி வைத்து அளக்கும் கருவி அங்கே உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்திலும் இதே வேலைக்குத் தனிக் கற்றைத் தடம் இருக்கிறது.

இங்கேயும் அடிப்படை அதேதான்: கண்ணாடி இல்லாமல் ஒருமுறை, கண்ணாடியில் பட்டு ஒருமுறை, இரண்டையும் வகுத்தல். ஆனால் அளந்துகொண்டிருக்கும்போதே வளையத்தில் எலெக்ட்ரான்கள் குறைந்தால் ஒளியும் குறையும். அதனால் இன்னொரு டிடெக்டர் மூல ஒளியை எந்நேரமும் கண்காணித்துக்கொண்டே இருக்கும். 13.5 வேண்டும் என்று கேட்டால், அதில் பாதியான 6.75 நானோமீட்டர் ஒளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒரு மெல்லிய படலத்தால் வடிகட்ட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி திருப்பாத ஒளியையும் சேர்த்து வகுத்து, மார்க் குறைந்துவிடும்.

இத்தனை கவனத்தோடு செய்யும்போது, பிழை ஒரு சதவீதத்தில் ஒரு சிறு பகுதி என்ற அளவுக்கு வருகிறது. 70-ஆ, 69-ஆ என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒரு கண்ணாடியில் ஓர் இடத்தை அளந்தாலும் போதாது. வளைந்த கண்ணாடியில் ஒவ்வோர் இடத்திலும் ஒளி வெவ்வேறு கோணத்தில் விழும். அதற்கேற்பத் தடிமனையும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாற்றிப் பூசியிருப்பார்கள். தடிமன் 1 சதவீதம் தவறினால், அதாவது 0.07 நானோமீட்டர், ஒளியின் உச்சம் 0.135 நானோமீட்டர் நகர்ந்துவிடும். 0.07 நானோமீட்டர் என்பது ஒரு சிலிக்கான் அணுவின் குறுக்களவைவிடச் சிறியது! 11 கண்ணாடிகளின் உச்சங்களும் ஒரே இடத்தில் நிற்காவிட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல மார்க் வாங்கியும் டீம் தோற்றுவிடும்.

சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்குது

இப்போது வரைபடம் கையில் இருக்கிறது. உச்சம் 75-க்குப் பதில் 66 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தப்பு எங்கே?

வரைபடத்திலிருந்து அடுக்குகளைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு முறை இருக்கிறது. 1954-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைமன் பாரட் வெளியிட்டது. அடி அடுக்கில் தொடங்கி, ஒவ்வோர் எல்லையாக மேலே ஏறி, மொத்தப் பிரதிபலிப்பைக் கணக்கிடும் முறை. இன்றைய மென்பொருள்களும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. தடிமன், அடர்த்தி, சொரசொரப்பு ஆகியவற்றை ஊகித்து, வரைபடம் போட்டு, அளந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, பொருந்தும் வரை மாற்றிக்கொண்டே போகும்.

பிரச்சினை என்னவென்றால், டிடெக்டர் ஒளித்துகள்களை எண்ணுகிறதே தவிர, அலையின் முகடு எங்கே, பள்ளம் எங்கே என்று சொல்வதில்லை. பாதித் தகவல் போய்விடுகிறது. அதனால் வெவ்வேறு அடுக்கு அமைப்புகள் கிட்டத்தட்ட ஒரே வரைபடத்தைத் தரலாம். கம்ப்யூட்டர் 'பொருந்திவிட்டது' என்று சொன்னாலே அது உண்மை என்று ஆகிவிடாது.

ஒரு முக்கியமான உதாரணம். எல்லை மங்கலாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பரப்பு மேடு பள்ளமாக இருப்பது. இன்னொன்று, டூமாண்டுக்கு நடந்ததுபோல் அணுக்கள் கலந்து மாலிப்டினம் சிலிசைடு என்ற புது அடுக்கு உருவாவது. நேர் கோணப் பிரதிபலிப்பு அளவீட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும். டெங்குவா, டைபாய்டா என்று சொல்லாது.

ஆனால் மருந்து வேறு வேறு. மேடு பள்ளம் என்றால் அடித்தட்டை இன்னும் மெருகேற்ற வேண்டும். கலப்பு என்றால் இரண்டுக்கும் நடுவே போரான் கார்பைடு போன்ற தடுப்பு அடுக்கு ஒன்றை மிக மெல்லியதாக வைக்க வேண்டும். நோயை மாற்றிக் கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் உழைப்பும் செலவும் வீண்.

அப்போ எப்படிப் பிரித்தறிவது? மேடு பள்ளம் இருந்தால் ஒளி நேர் கோணத்தில் மட்டுமல்லாமல் அக்கம்பக்கமும் சிதறும். கலப்பு மட்டும் என்றால் அப்படிச் சிதறாது. அதனால் டிடெக்டரை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டு, மாதிரியை மட்டும் மெல்ல ஆட்டி அந்தச் சிதறலைத் தனியாக அளக்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டை வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஆய்வுக்கூட எக்ஸ்ரே, 13.5 நானோமீட்டர் ஒளி இரண்டிலும் அளந்து, இரண்டுக்கும் ஒரே அமைப்பு பொருந்துகிறதா என்றும் சோதிக்கிறார்கள். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

இதெல்லாம் எவ்வளவு சிறிய அளவுகளில் தெரியுமா? தோராயக் கணக்கில், எல்லையின் மங்கல் 0.3 நானோமீட்டர் என்றால் ஒரு கண்ணாடி தன் பிரதிபலிப்பில் 7, 8 சதவீதத்தை இழக்கும். 0.5 என்றால் 20 சதவீதத்தை இழக்கும். 11 கண்ணாடிகளுக்குப் பெருக்கினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாலரை மடங்கு ஒளி. நடுவில் இருப்பது 0.2 நானோமீட்டர், ஏறத்தாழ ஓர் அணுவின் அளவு.

இந்தக் கண்ணாடிகளைச் செய்யும் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் ஒரு உவமை சொல்வதுண்டு. கண்ணாடியை ஜெர்மனி நாடு அளவுக்குப் பெரிதாக்கினால், அதில் இருக்கும் மிகப் பெரிய மேடு 0.1 மில்லிமீட்டர்தான் இருக்குமாம்.

சிப்புக்கு மட்டும்தானா?

இல்லை. தங்க நிறத்தில் தகதகக்கும் சூரியனின் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். 2010-ல் நாசா அனுப்பிய எஸ்.டி.ஓ. விண்கலம் எடுத்தவை அவற்றில் பல. அந்தத் தொலைநோக்கிகளிலும் பல்லடுக்குக் கண்ணாடிகள்தான். ஒவ்வொரு பல்லடுக்கும் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்புவதால், அதுவே வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. தங்க நிறம் நாம் பூசியது. ஒளியின் அலைநீளம் 17.1 நானோமீட்டர்.

2012-ல் ஏவப்பட்ட நாசாவின் நூஸ்டார் தொலைநோக்கியில் இன்னொரு வகை. அதில் ஜோடித் தடிமன் மேலிருந்து கீழே படிப்படியாக மாறும். அதனால் ஒரே கண்ணாடி பல அலைநீளங்களைத் திருப்பும். விண்வெளிக்குப் போன பிறகு கண்ணாடியைக் கழற்றி அளக்க முடியாது. பூமியில் போட்ட மார்க்கையும் வைத்துத்தான், ஒரு கருந்துளையைச் சுற்றி எவ்வளவு எக்ஸ்ரே வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த மார்க் தப்பென்றால் கருந்துளையின் கணக்கும் தப்பாகலாம்.

இந்தியாவில் என்ன நிலை?

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், அணு இயற்பியலாளர் ராஜா ராமண்ணாவின் பெயரில் இயங்கும் ஆர்.ஆர்.கேட். மையத்தில் இண்டஸ்-1, இண்டஸ்-2 என்ற இரண்டு சின்க்ரோட்ரான் வளையங்கள் இருக்கின்றன. 1999 முதல் இயங்கும் இண்டஸ்-1 வளையத்தில், பிரதிபலிப்பை அளப்பதற்கென்றே ஒரு கற்றைத் தடம் அமைத்திருக்கிறார்கள். பல்லடுக்குகளை அங்கேயே பூசி, அங்கேயே அளக்கும் குழுவும் உண்டு.

குஜராத்தின் தோலேராவில் வரவிருக்கும் டாட்டா சிப் ஆலை 28 நானோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தலைமுறைச் சிப்களுக்கானது. அதற்கு 13.5 நானோமீட்டர் ஒளி தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரே பிரதிபலிப்பு அளவீடு சிப் ஆலைகளில் மெல்லிய படலங்களின் தடிமனைப் பார்க்கவும் பயன்படுகிறது. சாதாரண ஒளியால் தடிமனை அளக்க, அந்தப் பொருளுக்குள் ஒளி எப்படி வளையும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் கீஸிக் அலைகளின் இடைவெளியே தடிமனைச் சொல்லிவிடும். உலோகமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. இயற்பியலோ மெட்டீரியல் சயின்ஸோ படித்தவர்களுக்கு இது ஒரு வேலை வாய்ப்புள்ள திறமையும்கூட.

இன்னொரு பக்கம் அரசியல். இயூவி இயந்திரங்களைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்ய நெதர்லாந்து அனுமதிக்கவில்லை. வரைபடத்தைக் காப்பி அடிக்கலாம், ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் ஓர் அணு அளவு பிழையைக் கண்டுபிடித்து, காரணம் புரிந்து, திருத்தி, மறுபடி அளந்து பார்க்கும் பழக்கத்தை ஓர் இரவில் வாங்க முடியாது. கினோஷிடா 1986-ல் காட்டிய படம் 2019-ல்தான் கடைகளில் விற்கும் மொபைல் சிப்பாக வந்து சேர்ந்தது. நடுவில் போன 33 ஆண்டுகளில் பெரும்பகுதி, 'இப்போ எத்தனை சதவீதம்?' என்று மறுபடி மறுபடி அளந்து பார்த்ததில் கழிந்தது.